அடிபட்ட கண்ணில் கண்புரை: அறுவை சிகிச்சை பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வயதானவர்களுக்கு வரும் கண்புரையைப் பற்றிய விளக்கங்கள் எங்கும் கிடைக்கின்றன. அவற்றைப் படித்துவிட்டு, "கால் மணி நேர ஆபரேஷன், மறுநாள் கட்டு அவிழ்த்தால் பார்வை வந்துவிடும்" என்ற நம்பிக்கையோடு அடிபட்ட கண்ணைக் காட்ட வருகிறார்கள். அந்தக் கணக்கு இங்கே பொருந்தாது. முதுமையில் புரை மட்டும்தான் நோய். அதை எடுத்தால் பெரும்பாலும் பிரச்சினை தீர்ந்தது. அடிபட்ட கண்ணில் புரை என்பது சேதத்தின் வெளியே தெரியும் பகுதி மட்டுமே. அதன் முன்னும் பின்னும் வேறு என்ன கிழிந்திருக்கிறது என்பதைப் பொறுத்துத்தான் எப்போது அறுவை சிகிச்சை, எப்படி, எவ்வளவு பார்வை என்பதெல்லாம் முடிவாகிறது. கீழே உள்ள பதில்கள் எல்லாம் அதையொட்டியே போகின்றன.

அடிபட்டால் புரை ஏன் விழுகிறது?

கண்மணிக்குப் பின்னால், அதைச் சுற்றியுள்ள நிறமான ஐரிஸ் திரைக்குப் பின்புறம், லென்ஸ் இருக்கிறது. மெல்லிய உறைக்குள் அடுக்கடுக்கான இழைகள். ரத்தக் குழாய் ஒன்றுகூட இல்லை. அதனால்தான் அது தெளிவாக இருக்கிறது. உறை முழுதாக இருக்கும் வரைதான் அந்தத் தெளிவு.

கிரிக்கெட் பந்து, இறகுப்பந்து, கிட்டிப்புள், முஷ்டி போன்றவை மோதும்போது கண்விழி ஒரு கணம் நசுங்கி விரிகிறது. உறை கிழியாவிட்டாலும் உள்ளே இழைகள் குலைந்து, இதழ் இதழாக விரிந்த பூப்போன்ற வெண்மை படர்கிறது. முள், ஊசி, இரும்புத் துகள், ஈர்க்குச்சி அம்பு போன்றவை குத்தினால் கதை வேறு. உறையே கிழிந்துவிடுவதால் கண்ணின் முன்னறையில் உள்ள நீர் லென்ஸுக்குள் புகுந்து, சில மணி நேரத்திலோ சில நாட்களிலோ முழு லென்ஸும் ஊறி வெளுத்துவிடும். சில நேரங்களில் அந்த வெண்மையான லென்ஸ் பொருள் பஞ்சுத் துணுக்குகளாக முன்னறைக்குள் வந்து கிடக்கும். கண்ணாடி முன் நின்று பார்த்தால் நோயாளிக்கே தெரியும்.

பலமான மின்சார அதிர்ச்சிக்குப் பிறகும் வாரங்கள், மாதங்கள் கழித்துப் புரை வரலாம்.

அடிபட்டுப் பல வருடம் ஆகிறது. இப்போது வந்த புரைக்கும் அதற்கும் தொடர்பு இருக்குமா?

தாராளமாக இருக்கலாம். இருபது, முப்பது வயதில் ஒரே ஒரு கண்ணில் புரையோடு வருபவரிடம் மருத்துவர் முதலில் கேட்பதே "எப்போதாவது அடிபட்டதா?" என்பதைத்தான். சிறுவயதில் விளையாட்டில் பட்ட அடியைப் பலர் மறந்திருப்பார்கள்.

லேத், கிரைண்டிங், வெல்டிங் பட்டறைகளிலும் உளி, சுத்தியல் வைத்தும் வேலை செய்பவர்கள் கூடுதலாக ஒன்றை நினைவுகூர வேண்டும். சுத்தியல் அடியில் தெறிக்கும் நுண்ணிய இரும்புத் துகள் கண்ணைத் துளைத்துச் செல்லும்போது பெரிய வலி இல்லாமலேயே போகலாம். "ஏதோ தூசு விழுந்தது, கண்ணீரோடு போய்விட்டது" என்று மறுநாளே வேலைக்குப் போயிருப்பார்கள். துகள் உள்ளேயே இருந்து துருப்பிடித்து, லென்ஸில் துருநிறப் புள்ளிகளையும், காலப்போக்கில் விழித்திரையில் நச்சையும் உண்டாக்கும். ஆகையால் தொழிலைச் சொல்லாமல் விடாதீர்கள். இரும்புத் துகள் இருக்கலாம் என்ற சந்தேகம் இருந்தால் சி.டி. ஸ்கேன்தான் எடுப்பார்கள். எம்.ஆர்.ஐ. எடுக்கக் கூடாது; அந்தக் காந்தம் உள்ளே இருக்கும் இரும்பை நகர்த்தி விழியை மேலும் கிழித்துவிடும்.

அடிபட்ட நிமிடத்தில் என்ன செய்ய வேண்டும்?

கசக்காதீர்கள், அழுத்தாதீர்கள். குத்தி நிற்கும் பொருளை வீட்டில் பிடுங்காதீர்கள். தாய்ப்பால், விளக்கெண்ணெய், பச்சிலைச் சாறு, வீட்டில் மிச்சமிருக்கும் சொட்டு மருந்து எதையும் ஊற்றாதீர்கள்; திறந்த காயத்துக்குள் கிருமியை அனுப்புவதற்கு அதைவிட நேர்வழி கிடையாது. கண்ணைத் தொடாதபடி ஒரு காகிதக் கோப்பையைக் கவிழ்த்து, சுற்றியுள்ள எலும்பின் மேல் அது பதியுமாறு பிளாஸ்திரி ஒட்டி, கண் மருத்துவமனைக்குக் கூட்டிச் செல்லுங்கள். வழியில் சாப்பாடு, டீ வேண்டாம். உடனே மயக்க மருந்து கொடுத்துத் தைக்க வேண்டியிருந்தால் வெறும் வயிறு தேவைப்படும். தடுப்பூசி எப்போது போட்டது என்று கேட்டு டெட்டனஸ் ஊசியும் போடுவார்கள்.

சுண்ணாம்பு, அமிலம், சோப்புக் காரம் பட்டால் மட்டும் விதி தலைகீழ். அங்கேயே, அந்த நிமிடமே, கிடைக்கும் சுத்தமான தண்ணீரை இமையைத் திறந்து பிடித்து நிறைய ஊற்றிக் கழுவ வேண்டும். அதன் பிறகுதான் பயணம்.

காயத்தைத் தைத்து அனுப்பிவிட்டார்கள், புரையை எடுக்கவில்லை. ஏன்? இரண்டு முறை அறுப்பதற்குப் பதில் ஒரே முறையில் முடித்திருக்கலாமே?

அதிகக் கோபத்தோடு கேட்கப்படும் கேள்வி இது. கோபம் நியாயமானது, ஆனால் காத்திருப்பதற்கான காரணங்கள் வலுவானவை.

கருவிழி, அதாவது கண்ணின் முன்புறமுள்ள தெளிவான படலம், கிழிந்து வந்த கண்ணில் அன்று முதல் கடமை விழியை மூடிக் காப்பாற்றுவது. தலைமுடியைவிட மெல்லிய நைலான் நூலால் நீர் கசியாதபடி தைக்க வேண்டும். கிருமி உள்ளே போயிருக்கிறதா என்பது அன்று தெரியாது. கருவிழி வீங்கி மங்கியிருப்பதால் லென்ஸின் உறை எங்கே கிழிந்திருக்கிறது என்று தெளிவாகப் பார்க்கவும் முடியாது. அந்த நிலையில் லென்ஸை எடுக்கப் போனால் மிச்சமிருக்கும் உறையும் போய்விடலாம். உறைதான் பின்னால் செயற்கை லென்ஸ் உட்காரப்போகும் இடம்.

இன்னொன்று, லென்ஸின் பவர். எத்தனை பவர் வைப்பது என்பது கருவிழியின் வளைவையும் விழியின் நீளத்தையும் அளந்துதான் முடிவாகிறது. அன்றே தைத்த கருவிழியில் அந்த அளவு நிலையாக இருக்காது. காயம் ஆறி, அழற்சி அடங்கிய பிறகு செய்தால் கண் அமைதியாக இருக்கும், அளவும் நம்பத்தகுந்ததாக இருக்கும், லென்ஸும் சரியான இடத்தில் உட்காரும்.

முதல் நாளே புரையையும் சேர்த்து எடுக்க வேண்டிய கண்களும் உண்டு. லென்ஸ் பொருள் முன்னறை முழுவதும் சிதறியிருந்தால், ஊறிப் பருத்த லென்ஸ் கண் அழுத்தத்தை ஏற்றினால், உள்ளே துகள் இருந்து அதை எடுக்க லென்ஸ் வழிவிட வேண்டியிருந்தால், சீழ்த் தொற்று தொடங்கியிருந்தால் காத்திருப்பது ஆபத்து. எனவே, "ஏன் இன்றைக்கே எடுக்கவில்லை?" என்பதோடு "எந்த அறிகுறி வந்தால் காத்திருக்காமல் ஓடிவர வேண்டும்?" என்றும் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். கடும் வலி, வாந்தி, கண் மேலும் சிவப்பது, பார்வை இறங்குவது, சீழ் ஆகியவை அந்தப் பட்டியலில் கட்டாயம் இருக்கும்.

எவ்வளவு காலம் காத்திருப்பது வழக்கம்?

திறந்த காயம் என்றால் பெரியவர்களுக்குச் சில வாரங்கள் முதல் ஓரிரு மாதங்கள். மோதல் அடியால் வந்த சிறிய புரை, பார்வையை மறைக்கவில்லை என்றால் எடுக்கவே வேண்டியதில்லை. ஆண்டுக்கணக்கில் அப்படியே நிற்கும் புரைகள் உண்டு. குழந்தைகளுக்கு இந்தப் பொறுமை கிடையாது. அதற்குத் தனிப் பதில் கீழே இருக்கிறது.

புரை வெள்ளையாக மறைக்கிறதே, உள்ளே எப்படிப் பார்ப்பார்கள்?

முதல் சோதனைக்கு ஒரு டார்ச் விளக்கு போதும். இருட்டறையில் நல்ல கண்ணை முழுவதுமாக மூடிவிட்டு, அடிபட்ட கண்ணின் மேலே, கீழே, மூக்குப் பக்கம், காதுப் பக்கம் என்று ஒளியைக் காட்டி "எங்கிருந்து வருகிறது?" என்று கேட்பார்கள். முழு வெள்ளைப் புரை இருந்தாலும், விழித்திரை நன்றாக இருப்பவர் நான்கு திசையையும் சரியாகச் சொல்வார். ஒரு திசையில் தடுமாறினால் விழித்திரையில் எங்கோ பழுது இருக்கிறது என்று பொருள். இந்தச் சோதனையில் ஊகித்துச் சொல்லாதீர்கள். தெரியவில்லை என்றால் தெரியவில்லை என்றே சொல்லுங்கள். மதிப்பெண் கிடைக்கட்டும் என்று நோயாளிகள் ஊகிப்பதும், கூட வந்தவர் காதருகே விடை சொல்வதும் அன்றாடம் நடக்கிறது. பாதிக்கப்படுவது அவர்களுடைய சிகிச்சைத் திட்டம்தான்.

அடுத்து, இமையின் மேல் ஜெல் தடவி எடுக்கும் அல்ட்ராசவுண்ட். விழித்திரை பிரிந்திருக்கிறதா, உள்ளே ரத்தம் தேங்கியிருக்கிறதா, துகள் கிடக்கிறதா என்று அது காட்டிவிடும். காயம் திறந்திருக்கும்போது அழுத்தம் படக் கூடாது என்பதால், தைத்த பிறகுதான் பெரும்பாலும் எடுப்பார்கள். கண் அழுத்தம், கண்மணி ஒளிக்குச் சுருங்கும் விதம், கருவிழியின் உட்புறச் செல்களின் எண்ணிக்கை ஆகியவையும் பார்க்கப்படும். அடிபட்ட கண்ணில் அளவு சரியாகக் கிடைக்காதபோது நல்ல கண்ணை அளந்து அந்தப் பவரை ஆதாரமாக வைத்துக்கொள்வதும் உண்டு.

அறுவை சிகிச்சையின்போது என்ன நடக்கிறது?

பெரியவர்களுக்குக் கண்ணைச் சுற்றி மரத்துப்போகும் ஊசி. குழந்தைகளுக்கு முழு மயக்கம்.

வெள்ளைப் புரையில் உறை எது, உள்ளிருக்கும் பொருள் எது என்று நுண்ணோக்கியிலும் பிரித்தறிய முடியாது. அதனால் டிரைபான் புளூ என்ற நீலச் சாயத்தை ஒரு சொட்டு செலுத்திக் கழுவுவார்கள். உறை மட்டும் வெளிர்நீலமாக எழுந்து தெரியும். அதன் மையத்தில் வட்டமாகத் திறந்து உள்ளே போக வேண்டும். ஆனால் அடிபட்ட கண்ணில் உறை ஏற்கெனவே கிழிந்திருக்கலாம், ஓரிடத்தில் தழும்பாகச் சுருங்கி ஐரிஸோடு ஒட்டியிருக்கலாம். ஒட்டியதைப் பிரித்து, கிழிசல் பின்பக்கம் ஓடிவிடாமல் வட்டத்தை முடிப்பதில்தான் அறுவை மருத்துவரின் கைத்திறன் முழுவதும் இருக்கிறது.

இளம் வயதினரின் லென்ஸ் மென்மையானது. உறிஞ்சியே எடுத்துவிடலாம். நடுவயதைத் தாண்டியவர்களுக்கு லென்ஸின் நடுப்பகுதி இறுகியிருக்கும் என்பதால் ஒலி அதிர்வால் உடைத்து உறிஞ்சும் ஃபேகோ முறையோ, தையலில்லாத சிறு கீறல் முறையோ தேவைப்படும்.

பலமான மோதலில் லென்ஸைச் சுற்றிலும் தாங்கி நிற்கும் நுண்ணிழைகள் ஒரு பக்கம் அறுந்திருக்கும். லென்ஸ் ஒருபக்கமாகச் சரிந்து, நோயாளி தலையை அசைக்கும்போது உள்ளே அதுவும் ஆடும். இழைகள் கொஞ்சமாக அறுந்திருந்தால் உறைக்குள் ஒரு மெல்லிய வளையத்தைச் செலுத்தி அதை விரித்து நிறுத்தலாம். அதிகம் அறுந்திருந்தால் அந்த வளையத்தையே விழியின் வெண்பகுதியோடு சேர்த்துத் தைப்பார்கள். அறுந்த இடைவெளி வழியாக, லென்ஸுக்குப் பின்னால் விழியை நிரப்பியிருக்கும் பின்னறைக் கூழ் முன்னே வந்திருந்தால் அதை வெட்டி அகற்றியாக வேண்டும். இழுத்தால் விழித்திரையும் சேர்ந்து இழுபடும். லென்ஸ் முழுவதுமாகப் பின்னே விழுந்துவிட்டால் அது விழித்திரை அறுவை மருத்துவரின் வேலை. இதனால்தான் அடிபட்ட கண்ணுக்கு விழித்திரைப் பிரிவும் உள்ள மருத்துவமனையைத் தேர்ந்தெடுப்பது நல்லது.

எல்லாருக்கும் செயற்கை லென்ஸ் வைக்க முடியுமா?

பெரும்பாலோருக்கு முடியும், ஆனால் எப்போதும் அதே இடத்தில் அல்ல, எப்போதும் அதே நாளில் அல்ல.

செயற்கை லென்ஸ் பிறந்ததே கண் காயங்களில் இருந்துதான். இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் போர் விமானிகளின் கண்களுக்குள் விமானக் கூண்டின் பெர்ஸ்பெக்ஸ் என்ற பிளாஸ்டிக் சில்லுகள் புகுந்திருந்தன. 1940-ல் காயமடைந்த கார்டன் கிளீவர் என்ற விமானி உட்பட இத்தகையவர்களைக் கவனித்த மருத்துவர் ஹெரால்ட் ரிட்லி, இரும்பைப்போல் இந்தப் பிளாஸ்டிக் கண்ணைக் கொதிக்க வைப்பதில்லை, உள்ளே சாதுவாகக் கிடக்கிறது என்று கண்டார். அதே வகைப் பிளாஸ்டிக்கில் லென்ஸ் செய்து, 1949 நவம்பர் 29 அன்று லண்டன் செயின்ட் தாமஸ் மருத்துவமனையில் முதன்முறையாகப் பொருத்தும் அறுவை சிகிச்சையைச் செய்தார். நெடுங்காலம் சக மருத்துவர்களின் எதிர்ப்பைத் தாங்கினார். இன்று பட்டறையில் கண்ணைக் காயப்படுத்திக்கொண்ட தொழிலாளிக்கு லென்ஸ் வைக்க முடிகிறதென்றால், அந்தக் கூர்ந்த கவனிப்புக்கு நாம் கடன்பட்டிருக்கிறோம்.

உறை உறுதியாக இருந்தால் லென்ஸ் அதற்குள்ளேயே போகும். பின்பக்க உறை கிழிந்து முன்பக்கம் மிஞ்சியிருந்தால் அதன் மேல் உட்கார வைக்கலாம். உறையே இல்லாவிட்டால் ஐரிஸில் கவ்விப் பிடிக்கும் லென்ஸ் உண்டு. விழியின் வெண்பகுதியில் தைத்துத் தொங்கவிடும் முறை உண்டு. லென்ஸின் கால்களை வெண்பகுதிக்குள் செருகி உயிரிப் பசையால் மூடும் முறையும் உண்டு. கடைசியாகச் சொன்னதை 2007-ல் சென்னையில் மருத்துவர் அமர் அகர்வால் உருவாக்கினார். இன்று அது பல நாடுகளில் செய்யப்படுகிறது.

லென்ஸ் வைக்காமல் விட்டால் கண்ணாடி போட்டுச் சமாளிக்கலாமா என்று கேட்பவர்களுக்கு: ஒரு கண்ணில் மட்டும் லென்ஸ் இல்லாதபோது தடித்த கண்ணாடி உதவாது. அந்தக் கண்ணின் உருவம் மற்றதைவிடப் பெரிதாகத் தெரிவதால் மூளையால் இரண்டையும் சேர்க்க முடியாது. எல்லாம் இரட்டையாகத் தெரியும். இடைக்காலத்துக்கு கான்டாக்ட் லென்ஸ்தான் வழி.

என் பிள்ளைக்கு ஐந்து வயது. வளர்ந்த பிறகு ஆபரேஷன் செய்யலாம் என்று பெரியவர்கள் சொல்கிறார்கள்.

தயவுசெய்து தள்ளிப்போடாதீர்கள். ஏறக்குறைய எட்டு வயது வரை மூளை பார்க்கக் கற்றுக்கொண்டிருக்கிறது. புரை மறைத்த கண்ணிலிருந்து தெளிவான உருவம் வராவிட்டால் மூளை அந்தக் கண்ணைப் புறக்கணித்துவிடும். சோம்பேறிக் கண் என்று சொல்வது இதைத்தான். பத்துப் பன்னிரண்டு வயதில் மிகச் சிறந்த அறுவை சிகிச்சை செய்து லென்ஸ் வைத்தாலும், கற்க மறந்த மூளை அந்தக் கண்ணால் முழுமையாகப் பார்ப்பது கடினம். கண் மாறுகண்ணாகவும் ஒதுங்கிவிடும்.

குழந்தைகளின் அறுவை சிகிச்சையில் சில கூடுதல் வேலைகள் உள்ளன. அவர்களுக்குப் பின்பக்க உறை மீண்டும் மங்குவது ஏறத்தாழ நிச்சயம். பெரியவர்கள் லேசர் கருவியின் முன் அசையாமல் உட்காருவார்கள். ஐந்து வயதுப் பிள்ளை உட்காராது. அதனால் முதல் அறுவையிலேயே பின்பக்க உறையில் ஒரு சிறு ஜன்னல் வைத்து, அதன் பின்னால் உள்ள கூழையும் கொஞ்சம் அகற்றிவிடுவார்கள். விழி இன்னும் வளரப்போகிறது என்பதால் லென்ஸின் பவரைத் திட்டமிட்டே சற்றுக் குறைத்து வைப்பார்கள். இடைவெளியைக் கண்ணாடி ஈடுசெய்யும். கிட்டப் பார்வைக்கும் தனிப் பவர் சேர்ந்த கண்ணாடி வேண்டும். செயற்கை லென்ஸ் தானாகக் குவியாது.

பெற்றோரின் உழைப்பு அறுவை முடிந்த பிறகுதான் தொடங்குகிறது. நல்ல கண்ணைத் தினமும் சில மணி நேரம் ஒட்டி மூடி, அடிபட்ட கண்ணை வேலை செய்ய வைக்க வேண்டும். பிள்ளை அழும், பிய்த்து எறியும், பள்ளியில் கேலி செய்கிறார்கள் என்று சொல்லும். ஆசிரியரிடம் நேரில் பேசுங்கள். மூடியிருக்கும் நேரத்தில் வண்ணம் தீட்டுவது, மணி கோப்பது, பிடித்த படக்கதை என்று கண்ணுக்கு வேலை கொடுங்கள். நன்றாக நடந்த அறுவைகள் வீணாவதற்கு, ஒட்டு போடாமல் விட்டது ஒரு பெரிய காரணம்.

பார்வை முழுதாகத் திரும்புமா?

லென்ஸ் மட்டும் கெட்டிருந்தால் நல்ல பார்வையை எதிர்பார்க்கலாம். கருவிழியின் நடுவே தழும்பு இருந்தால் கண்ணாடியாலும் முழுதாகத் தெளியாது. கடினமான கான்டாக்ட் லென்ஸ் உதவலாம், சிலருக்குக் கருவிழி மாற்று தேவைப்படும். விழித்திரையின் மையம் அல்லது பார்வை நரம்பு பழுதாகியிருந்தால் எவ்வளவு அழகாக லென்ஸ் வைத்தாலும் அந்த எல்லையைத் தாண்ட முடியாது. அடிபட்ட அன்று எடுத்த பார்வை அளவு, எதிர்காலப் பார்வையை ஊகிக்க மருத்துவர்களுக்கு மிகவும் உதவுகிறது. முதல் நாள் சீட்டைத் தொலைத்துவிடாதீர்கள்.

அடிபட்ட கண்ணால் நல்ல கண்ணும் போய்விடுமா?

அரிதாக நடக்கும். துளைத்த காயத்துக்குப் பிறகு, உடலின் எதிர்ப்புச் சக்தி நல்ல கண்ணையும் தாக்கும் ஒரு நோய் இருக்கிறது. சில வாரங்களில் இருந்து சில மாதங்களுக்குள் வருவது வழக்கம். வருடங்கள் கழித்தும் வந்ததுண்டு. பார்வையற்றோருக்கான பிரெய்ல் எழுத்தை உருவாக்கிய லூயி பிரெய்ல் மூன்று வயதில், 1812-ல், தந்தையின் சேணப் பட்டறையில் ஊசிபோன்ற கருவியால் ஒரு கண்ணைக் குத்திக்கொண்டார். ஐந்து வயதுக்குள் இரண்டு கண்களும் போயின. அவருக்கு வந்தது இந்த நோயாகவே இருக்கலாம் என்று கருதப்படுகிறது. இன்று ஸ்டீராய்டு உள்ளிட்ட மருந்துகளால் கட்டுப்படுத்த முடியும், நேரத்தில் வந்தால். நல்ல கண் சிவந்தாலோ, வெளிச்சம் கூசினாலோ, கிட்டே இருப்பது மங்கினாலோ அன்றே காட்டுங்கள்.

அறுவைக்குப் பிறகு எத்தனை காலம் மருத்துவமனைக்கு வர வேண்டும்?

சொட்டு மருந்து சில வாரங்கள். கருவிழித் தையல்களைச் சில மாதங்களில் பிரிப்பார்கள். லென்ஸின் பின்பக்க உறை மங்கினால் லேசரில் சில நிமிட வேலை. ஆனால் கண் அழுத்தத்தை ஆயுள் முழுவதும் ஆண்டுக்கு ஒரு முறையாவது பார்க்க வேண்டும். பலமான மோதலில், கண்ணுக்குள் இருக்கும் நீர் வடியும் கோணம் கிழிந்திருந்தால், பத்து இருபது வருடம் கழித்துக்கூட வலியே இல்லாமல் அழுத்தம் ஏறிப் பார்வை நரம்பைத் தின்னும். "ஆபரேஷன் முடிந்தது, நன்றாகத் தெரிகிறது" என்று நின்றுவிடுபவர்களைப் பற்றித்தான் எனக்கு அதிகக் கவலை. கண் முன் மின்னல் வெட்டுவது, கரும்புள்ளிகள் மழையாக மிதப்பது, ஓரத்தில் திரை இறங்குவது ஆகியவை விழித்திரை பிரிவதன் அடையாளங்கள்.

செலவு? வேலையில் அடிபட்டால் இழப்பீடு உண்டா?

தமிழ்நாட்டில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் கண் பிரிவிலும், 1819-ல் தொடங்கப்பட்ட சென்னை எழும்பூர் அரசு கண் மருத்துவமனையிலும் கட்டணமில்லாமல் சிகிச்சை கிடைக்கும். முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டம் உங்கள் சிகிச்சைக்குப் பொருந்துமா என்று குடும்ப அட்டையோடு சென்று மருத்துவமனையின் காப்பீட்டு கவுண்டரில் கேளுங்கள். மதுரை ஆரோலேப் நிறுவனம் 1992 முதல் உள்நாட்டிலேயே லென்ஸ் தயாரிக்கத் தொடங்கிய பிறகு லென்ஸ் விலை பெருமளவு இறங்கிவிட்டது.

பட்டறையில் நடந்த விபத்து என்றால் மருத்துவமனையில் உண்மையைச் சொல்லி விபத்துப் பதிவேட்டில் ஏற்றச் சொல்லுங்கள். "வீட்டில் விழுந்தேன் என்று சொல்லிவிடு, செலவை நான் பார்த்துக்கொள்கிறேன்" என்று முதலாளி சொன்னாலும் கேட்காதீர்கள். இ.எஸ்.ஐ. என்ற தொழிலாளர் அரசுக் காப்பீடு உள்ளவர்களுக்கு அங்கேயே சிகிச்சையும் உதவித்தொகையும் உண்டு. இல்லாதவர்களுக்குச் சட்டப்படியான இழப்பீடு இருக்கிறது; 1923-ம் ஆண்டின் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தின் இடத்தில் 2025 நவம்பர் முதல் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு நடைமுறையில் இருக்கிறது. மறு கண் நன்றாக இருந்து ஒரு கண்ணின் பார்வை போனால், ஈட்டும் திறனில் 30 சதவீத இழப்பாக அந்தச் சட்டத்தின் அட்டவணை கணக்கிடுகிறது. பதிவேடு இல்லாமல் அந்தக் கோரிக்கையை நிறுவுவது மிகவும் கடினம்.

ஒரு கண்ணில் பார்வை திரும்பவில்லை. பழைய வேலைக்குப் போகலாமா?

வேலையைப் பொறுத்தது. இரு கண்ணும் சேர்ந்து தரும் ஆழ அறிவு குறைந்திருப்பதால் முதல் மாதங்களில் படி இறங்குவது, தம்ளரில் தண்ணீர் ஊற்றுவது, வண்டியை முந்துவது எல்லாம் தடுமாறும். தலையைச் சற்றுத் திருப்பிப் பார்க்கும் பழக்கம் வந்ததும் பலர் சமாளித்துக்கொள்கிறார்கள். உயரத்தில் நின்று செய்யும் வேலையும் கனரக வாகனம் ஓட்டுவதும் வேண்டாம்.

மிச்சமிருக்கும் கண்ணுக்கு, பவர் தேவையில்லை என்றாலும், பாலிகார்பனேட் கண்ணாடி வாங்கிக்கொள்ளுங்கள். சாதாரணக் கண்ணாடிக் கடையிலேயே கேட்டால் செய்து தருவார்கள். கிரைண்டிங், வெல்டிங் வேலைக்கு அது போதாது. பக்கவாட்டையும் மூடும் பாதுகாப்புக் கண்ணாடியை அதன் மேல் போட வேண்டும். ஒரு நிமிட வேலைக்கும்தான்.